வெயிலுக்குப் படுதா போட்டது

வெயிலைக் கொண்டு ஒரு மனிதனைக் கொன்றுவிடலாம் என்று இருபத்தைந்து நிமிடம் நான் மனமார நம்பினேன். வெயிலில் நிற்க வைத்து அல்ல. அதை எங்கள் பக்கத்து ஏப்ரல் மாதமே பார்த்துக்கொள்ளும். நான் நம்பியது வேறு. என் வீட்டு மொட்டை மாடியில் விழுகிற வெயில் ஒயர் வழியாகக் கீழே இறங்கி, மீட்டரைத் தாண்டி, வயல் ஓரமாகவே போய், போஸ்ட்டில் ஏறி நிற்கிற லைன்மேனைப் பிடித்து உலுக்கிவிடும் என்று நம்பினேன். கொலைகாரன், வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே கால்மேல் கால் போட்டு மோர் குடித்துக்கொண்டிருந்த நான்.

கேரளாவில், பாலக்காட்டுக்குக் கிழக்கே, நல்லேப்பிள்ளிப் பக்கம் எனக்குக் கொஞ்சம் நெல் வயல் இருக்கிறது, மூன்று பசு இருக்கிறது, யார் என்ன சொன்னாலும் அதற்கு ஒரு கிண்டல் சொல்லியே தீர வேண்டும் என்கிற வியாதியும் இருக்கிறது. வயலும் பசுவும் அப்பன் கொடுத்தது. வியாதி என் சொந்தச் சம்பாத்தியம்.

பஞ்சாயத்து ஹாலில் ஒரு மத்தியானம் வகுப்பு வைத்தார்கள். மாடியில் சோலார் வைக்க அபேட்சை கொடுத்தவர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று உத்தரவு. மனுவுக்கு எங்கள் பக்கம் அபேட்சை என்றுதான் பெயர். கொடுக்கிற ஆபீஸ் மலையாளம் பேசுவதால் காகிதமும் மலையாளம் பேசும். என் வீட்டுக்காரி நோட்டுப் புத்தகத்தோடு போனாள். நான் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

பாடம் எடுக்க வந்தது பாலக்காட்டு டவுனிலிருந்து ஒரு இன்ஜினியர் அம்மா. மலையாளம் தோய்ந்த தமிழ், கோபமே வராத முகம். அந்த முகத்தை நான் ஒரு சவாலாகவே எடுத்துக்கொண்டேன். போர்டில் கிலோவாட் என்று எழுதினார், பக்கத்தில் யூனிட் என்று எழுதினார், இரண்டும் வேறு வேறு என்றார். நாற்பது பேரும் தலையாட்டினோம். ஒருவருக்கும் புரியவில்லை என்பது தலையாட்டிய வேகத்திலேயே தெரிந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?" என்றேன் பின்வரிசையிலிருந்து. "படிச்சவங்க கிலோவாட்டும்பாங்க, பில்லு கட்டறவன் யூனிட்டும்பான்."

சிரிப்பு. அந்த அம்மா சிரிக்கவில்லை. "உங்க வயலில மோட்டர் எத்தர ஹெச்.பி.?" என்று கேட்டார்.

"அஞ்சுங்க."

"அஞ்சு ஹெச்.பி. மோட்டர் ஓடாம சும்மா நின்னா, வயலுக்குத் தண்ணி வருமா?"

"எப்பிடிங்க வரும்? ஓடோணும்."

"ஓடினா எவ்வளவு வரும்?"

"எவ்வளவு நேரம் ஓடுதோ அவ்வளவு வரும்."

"அதுதான். ஹெச்.பி. மோட்டரோட பலம். கிலோவாட்டும் பலம்தான். யூனிட்ங்கிறது வயலில வந்து சேர்ந்த தண்ணி. ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். இப்ப ரெண்டும் ஒண்ணா?"

இல்லை. ஐம்பத்திரண்டு வயதில், இருபது வருடம் கரண்ட் பில் கட்டியவனுக்கு, அன்றைக்குத்தான் யூனிட் என்றால் என்ன என்று தெரிந்தது. அதோடு தலை நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் நிரம்பின வயலில் பாய்ந்த தண்ணீர்தான்.

பகலில் பேனல் தருகிற கரண்டை முதலில் வீடு எடுத்துக்கொள்ளும், மிச்சம் லைனுக்குப் போகும், அதற்கு எக்ஸ்போர்ட் என்று பெயர் என்றார். இது மட்டும் மண்டையில் ஒட்டியது. திருப்பூர்க்காரர்கள் பனியனை அனுப்புவது போல நான் வெயிலை எக்ஸ்போர்ட் பண்ணப் போகிறேன்! சாயங்காலம் சூரியன் போன பிறகு லைனிலிருந்து நாம் எடுப்பது இம்போர்ட். இரண்டையும் தனித்தனியாக எழுதிவைப்பது நெட் மீட்டர்.

பிறகு வீட்டுச் சூடு பற்றிச் சொன்னார். ஏ.சி. வாங்குவதற்கு முன்னால் கான்கிரீட் மாடிக்கு வெள்ளை அடியுங்கள், சூடு பாதி மேலேயிருந்துதான் இறங்குகிறது, உள்ளே வந்த சூட்டைத் துரத்துவதைவிட வராமல் தடுப்பது லாபம் என்றார். ஃபிரிட்ஜ் வாங்கும்போது ஸ்டார் பாருங்கள் என்றார்.

"நட்சத்திரம் பாத்துத்தானுங்க கல்யாணமே பண்ணினேன், ஃபிரிட்ஜுக்குமா பாக்கோணும்?"

"அப்பவும் செரியாப் பாக்கலீங்க" என்று பெண்கள் வரிசையிலிருந்து என் வீட்டுக்காரியின் குரல் வந்தது. ஹால் அதிர்ந்தது. எனக்கு வரவேண்டிய சிரிப்பை அவள் வாங்கிக்கொண்டு போனதில் எனக்கு வருத்தம். அந்த வருத்தத்தில், அடுத்து எது கிடைத்தாலும் விடக்கூடாது என்று காத்திருந்தேன்.

கிடைத்தது. "லைனில கரண்ட் இல்லாத நேரம் உங்க இன்வெர்ட்டர் தனித்தீவு மாதிரி ஓடக் கூடாது…" என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

"தனித்தீவுன்னா நான் இப்பவே ரெடிங்க! ஊட்டுக்காரிகிட்ட மட்டும் வழி சொல்லிப்போடாதீங்க!"

மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறியது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே அந்த அம்மா மீதிப் பாதி வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். பழம்பொரி வந்தது. வெற்றி வீரனாக மூன்று தின்றேன். மீதிப் பாதியை நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரி எழுதிக்கொண்டாள்.

ஜனவரி கடைசியில் மாடியில் ஆறு பேனல் வந்து உட்கார்ந்தது. மூன்று கிலோவாட். நாலு ஹெச்.பி. மோட்டார் ஒன்று சத்தமே இல்லாமல் மாடியில் ஓடுகிறது என்று நானே கணக்குப் போட்டு நாலு பேரிடம் சொன்னேன். பொருத்த வந்தவர்கள் மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற புது இன்வெர்ட்டரை மாட்டி, அதற்குக் கீழே ஒரு சிவப்புக் கைப்பிடியைக் காட்டி, இது எதற்கு என்று விளக்கினார்கள். விளக்கினார்கள் என்று எனக்குப் பிற்பாடு சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் அவர்களுக்கு, பேனல் மேல் மயில் வந்து நின்றால் அதற்கும் நெட் மீட்டர் வைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் ஆகியிருக்கும். பிப்ரவரி. கிழக்குக் காற்று கணவாயில் புகுந்து அடிக்கிற காலம். பாலக்காட்டுக்குக் கிழக்கே இருக்கிறவர்களுக்கு அந்தக் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை: துணி காயாது, பறந்துவிடும். பதினொரு மணி வாக்கில் வயலோரப் பனையிலிருந்து காய்ந்த மட்டை ஒன்று பிய்த்துக்கொண்டு லைன் மேல் விழுந்தது. ஒரு பொறி, ஒரு சத்தம். ஊருக்கே கரண்ட் போனது.

என் வீட்டு ஃபேன் நிற்கவில்லை.

அந்த ஃபேன் எட்டு வருடமாகக் கரண்ட் போகும்போதெல்லாம் நிற்காமல்தான் ஓடியிருக்கிறது. மாடிப்படிக்கு அடியில், பழைய மண்வெட்டிக்கும் மாட்டுப் புண்ணாக்குக்கும் நடுவில், பேட்டரியோடு ஒரு பழைய இன்வெர்ட்டர் கிடக்கிறது. அதற்கு மாதா மாதம் தண்ணீர் ஊற்றுவது என் வீட்டுக்காரி. எட்டு வருடம் அதன் காற்றை வாங்கியவன், பேனல் வந்த பத்தாம் நாள் அது ஒன்று இருப்பதையே மறந்து, இது சூரியன் சுற்றுகிற ஃபேன் என்று முடிவு கட்டினேன். வீடு கட்டின சந்தோஷம்கூட எனக்கு அவ்வளவு இல்லை.

மோர் டம்ளரோடு காம்பவுண்டுச் சுவருக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டானவர். வேப்பமரத்தடியில் தோர்த்துத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, கரண்டு போயிருச்சுங்களா?"

"ஊருக்கே போச்சு. உங்க ஊட்டுல மட்டும் எப்பிடி இருக்கும்?"

"அப்பிடிங்களா? எனக்குத் தெரியவே இல்லீங்களே. ஃபேனு ஓடுது, கம்முனு உக்காந்துட்டேன்."

"அந்தச் சோலார்லயா ஓடுது?"

"பின்னே? சூரியன் இனி நம்ம பண்ணையத்து ஆளுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து மோர் இன்னும் ருசித்தது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். அப்போது பைக் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், மேற்கே, வயலுக்கு அந்தப் பக்கம் லைன்மேன் பைக்கை நிறுத்தி இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான். எலப்புள்ளிக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும், எங்கள் வீதிக்கு எப்போதும் அவன்தான் வருவான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"வந்துட்டான்! கல்யாண ஊட்டு ஜெனரேட்டர்ல அடி வாங்குனானே, அவனேதான்!"

மோர் டம்ளரை அப்படியே கீழே வைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. அடுத்த வீதியில் கல்யாணம். கரண்ட் போனதும் அவசரத்தில் வாடகை ஜெனரேட்டரை, மாற்று சுவிட்ச் இல்லாமல், நேராக வீட்டு ஒயரில் சொருகிவிட்டார்கள். பந்தலில் லைட் எரிந்தது. அதே கரண்ட் மீட்டர் வழியாக வெளியேயும் போனது. செத்த லைன் என்று நினைத்துக் கைவைத்தவன் இவன். பெல்ட் பிடித்ததால் கீழே விழவில்லை, போஸ்ட்டிலேயே தொங்கினான். ஏணி வைத்து இறக்கியவர்களில் நானும் ஒருவன். இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. இன்றைக்கும் இடது கையில் இரண்டு விரல் மடங்காது.

இப்போது என் மண்டை, வகுப்பில் கற்றதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தது. ஃபேன் ஓடுகிறது. அப்படியென்றால் பேனல் ஓடுகிறது. ஒரு ஃபேனுக்கு எவ்வளவு வேண்டும்? கொசுறு. மிச்சம்? மிச்சம் லைனுக்குப் போகும். அதற்குப் பெயர் எக்ஸ்போர்ட். லைனில் யார்?

வெளியே ஓடினேன். "எறங்கு! எறங்குப்பா! தொடாதே!" என்று கத்தினேன். என் குரல் பாதியில் உடைந்து கோழி கூவினது போல ஆனது. அவன் பாதி போஸ்ட் ஏறியிருந்தான். லைன்மேன் வாழ்க்கையில் கீழேயிருந்து கத்துகிறவன் எவனும் "எப்பக் கரண்டு வரும்" என்பதைத் தவிர வேறு எதையும் கத்தியதில்லை போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தான். விரல் மடங்காத இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். அஞ்சு நிமிஷம். மேலே ஏறினான்.

வரப்பில் ஓடியிருந்தால் நூறு மீட்டர்தான். கிட்டப் போய்ச் சொல்லியிருக்கலாம். இதை நான் பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் என் கால் யோசிக்கவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து ஷெட்டுக்கு ஓடியது. அங்கே நெல் காயவைக்கிற நீலப் படுதா மடித்துக் கிடந்தது. களத்தில் நெல் கிடக்கும்போது தூறல் விழுந்தால், சோறு தின்றுகொண்டிருந்தாலும் எச்சில் கையோடு எழுந்து படுதாவைப் போடுகிற ஜாதி நாங்கள். ஆபத்து என்றால் கை படுதாவுக்குப் போகும். மழை வந்தால் நெல்லை மூடு. வெயில் ஆளைக் கொல்ல வந்தால் பேனலை மூடு. அவ்வளவுதான் அன்றைக்கு எனக்கிருந்த விஞ்ஞானம்.

படுதாவைத் தோளில் போட்டு மாடிக்கு ஏறினேன். மாடியில் அரை மாடி முழுக்க மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பார்க்கவில்லை, மிதித்தேன். படுதாவின் ஒரு முனையைப் பேனல் சட்டத்தில் கட்டினேன். மற்ற முனையை விரித்தேன்.

களத்தில் படுதா விரிக்க நாலு பேர் இருப்பார்கள். இங்கே நான் ஒருவன், எதிரில் கணவாய்க் காற்று. படுதா கப்பல் பாய் மாதிரி உப்பி என்னையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. ஒரு பக்கம் மூடினால் மறு பக்கம் திறக்கும். மூன்று பேனலை மூடிவிட்டால் மூன்று பேனல் என்னைப் பார்த்து மின்னும். பாதிக் கொலைதானே என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் முடியவில்லை. உச்சி வெயில், ஒரு மேகம் இல்லை. பிப்ரவரி மாதம், பால் பிடிக்கிற பயிர் வயலில் நிற்கும்போது, "மாரியாத்தா, ஒரே ஒரு மேகம் குடு, சித்தெ நேரம் போதும்" என்று வேண்டிக்கொண்ட முதல் நெல் விவசாயி நானாகத்தான் இருப்பேன். ஆத்தாளுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

நடுநடுவே போஸ்ட்டைப் பார்த்தேன். அவன் உச்சிக்குப் போய்விட்டான். மட்டையை இழுத்துக் கீழே தள்ளினான். கையை லைனுக்கு நீட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எதுவும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் அவன் இடுக்கியால் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். இன்னும் அடிக்கவில்லை, மூன்று பேனலை மூடினதால்தான் தப்பித்தான் என்று நினைத்து, மீதி மூன்றையும் மூட அப்படியே படுதாவின் மேல் குறுக்காக விழுந்தேன். அடியில் பேனல் தோசைக்கல். வயிறு வெந்தது. விடவில்லை.

அப்போது மாடிப்படியில் என் வீட்டுக்காரி வந்து நின்றாள். பின்கட்டில் மாடு கழுவிக்கொண்டிருந்தவள். கையில் தென்னை நார், தலையில் முட்டாக்கு. முதலில் மிளகாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்னுங்க பண்றீங்க?"

"கரண்ட மூடறேன்!"

"என்னது?"

"அவன் செத்துருவான்டி! நம்ம கரண்டு லைனுக்குப் போயிட்டிருக்குது! ஃபேனு ஓடுதல்ல?"

அவள் தென்னை நாரைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தாள். ஒரு மனிதனோடு இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியதைப் பற்றி யோசித்திருப்பாள்.

"ஃபேனு பேட்டரில ஓடுதுங்க. படிக்கடியில இருக்குதே, அது."

"அதைக் கழட்டிட்டுப் போகலியா அவிய?"

"எதுக்குக் கழட்டறாங்க? அது வேற, இது வேற. லைன்ல கரண்டு போனா மாடியில இருக்கறது தானா நின்னுக்கும்னு அந்தம்மா சொன்னாங்கள்ல. லைன்ல வேல செய்யறவங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் அப்பிடி வெச்சிருக்குதுன்னு. நோட்டுல எழுதி வெச்சிருக்கறனுங்க."

"எப்பச் சொன்னாங்க?"

"நீங்க தீவுக்குப் போறேன்னு துள்ளிட்டு இருந்தப்பொ."

நான் அப்போதும் எழவில்லை. அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று புத்திக்குத் தெரிந்தது; ஆனால் போஸ்ட்டில் தொங்கினவனை ஏணி வைத்து இறக்கிய கை, புத்தி சொல்வதைக் கேட்கவில்லை. "தானா நிக்காமப் போனா?" என்றேன்.

"அப்பிடியே பயமா இருந்தா, கீழ அந்தச் செவப்புக் கைப்பிடியத் திருப்பியிருக்கலாமே. பேனலுக்கு அதுதான் சுவிச்சு. இப்பிடி மொளகா மேல ஆடோணுமா?"

சிவப்புக் கைப்பிடி! எழுந்து ஓடினேன். எழுந்ததுதான் தப்பு. என் எடை போனதும் காற்று படுதாவை அடியோடு பிடுங்கியது. கட்டின முனை அறுந்தது. நீலப் படுதா சும்மா கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி விரிந்து மேற்கே, வயலுக்கு மேலே, நேராக அந்தப் போஸ்ட்டைப் பார்த்துப் பறந்தது. அன்றைக்கு அந்த லைன்மேனுக்கு ஆபத்து என்று உண்மையில் ஒன்று வந்தது என்றால் அது அதுதான். நான் அனுப்பியது. அவன் காலுக்கு ஓரடி கீழே போய்ப் போஸ்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

நான் படியில் நாலு படி உருண்டு, நிமிர்ந்து, சிவப்புக் கைப்பிடியைத் திருப்பினேன். கணுக்கால் அப்போதே வீங்க ஆரம்பித்தது.

சிறிது நேரத்தில் லைன்மேன் வாசலில் நின்றான். படுதாவை ஒழுங்காகச் சுருட்டி அக்குளில் இடுக்கியிருந்தான். மூச்சு இருந்தது, முகத்தில் வேர்வை இருந்தது, உயிரோடு இருந்தான். நான் அவன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஏனுங்ணா, இது உங்களுதுங்களா? கீழயிருந்து கத்துனீங்க, செரி. மேலயிருந்து படுதா விட்டு வேற அவசரப்படுத்தோணுங்களா?"

நான் நொண்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் ஒன்றும் வரவில்லை, நேராகச் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"பயந்தது தப்பில்லீங்ணா. நாம்பளும் யாரு ஊட்டு மாடியையும் நம்பறதில்லீங். டிரான்ஸ்பார்மர்ல ஆப் பண்ணி, ரெண்டு பக்கமும் லைன மண்ணோட சேத்து எர்த் போட்டு, அப்பறந்தான் கைய வெச்சனுங்."

"அப்ப என் பேனலு ஓடியிருந்தாலும்…"

"ஓடியிருக்காதுங்ணா. வாங்க காட்டறேன்."

என் வீட்டுக்காரி அவனுக்கு மோர் கொண்டுவந்தாள். எனக்குக் கொண்டுவரவில்லை. அவன் டம்ளரை வலது கையில் வைத்துக்கொண்டு, இடது கையால் சிவப்புக் கைப்பிடியைத் திரும்ப நேராக்கினான். லைனில் கரண்ட் இன்னும் வரவில்லை; இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கோடு விழித்தது. பொத்தானை நாலைந்து முறை அமுக்கி, அது தானே எழுதிவைத்திருந்த ஒரு வரியில் கொண்டுபோய் நிறுத்தி, என்னைக் கிட்டே வந்து படிக்கச் சொன்னான். கண்ணாடி எடுத்து வந்து படித்தேன்.

லைனில் கரண்ட் போனது பதினொன்று பத்து. இன்வெர்ட்டர் நின்றதும் பதினொன்று பத்து. நான் படுதாவோடு மாடி ஏறியது பதினொன்று நாற்பதுக்கு. அன்று அந்த நேரத்தில் என் வீட்டிலிருந்து லைனுக்கு ஒரு யூனிட்கூடப் போகவில்லை.